பத்துக்கு மூன்று

பின்லாந்துக்கு வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது பனி அல்ல. ஒரு ‘எப்படி இருக்கிறாய்?’. துறைமுகத்தில் காலை ஷிப்டுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, என்னோடு கிரேன் ஓட்டும் யூஹாவிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். அவன் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டான். சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கேட்கக் கூடாத எதையோ கேட்டுத் தொலைத்துவிட்டோம், வேலை போயிற்று, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. வெளியே தண்ணீர் உறைகிற குளிர். என் கையில் மட்டும் சித்திரை மாதம். கடைசியில் பார்த்தால், மனிதன் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். வலது முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது, கூரை ஒழுகல் நின்றுவிட்டது, மகள் பள்ளிக்கூடத்தில் சந்தோஷமாக இருக்கிறாள், ஆக மொத்தம் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று கணக்குத் தீர்க்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டு, “நீ?” என்றான். எங்கள் ஊர்க்காரன் வாயில் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வரும் பதிலை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: ஏதோ ஓடுது. யூஹா சன்னல் பக்கம் எட்டிப் பார்த்தான், என்ன ஓடுகிறது என்று.

தூத்துக்குடியில் அது கேள்வியே கிடையாது. முத்தையாபுரத்தில், கண்டெய்னர் லாரிகள் ஹார்பருக்குப் போகிற ரோட்டில் என் அண்ணன் பொன்ராஜ் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். தீபாவளி வாரத்தில் அந்தக் கடைக்குப் போய்ப் பாருங்கள். படி தாண்டி ரோடு வரைக்கும் கூட்டம் நிற்கும். ஐந்து பேர் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பார்கள். அண்ணனுக்கு வேட்டியை இறுக்கிக் கட்டக்கூட நேரம் இருக்காது. அந்த நெரிசலுக்குள் தலையை நுழைத்து ஒருவர், “யாவாரம் எப்படி அண்ணாச்சி?” என்பார். அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “எங்க, ஈ ஓட்டுதேன்” என்பான். கேட்டவரும் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு, தன் முறைக்காகக் கால் மணி நேரம் நிற்பார். இதில் பொய்யும் இல்லை, ஏமாற்றும் இல்லை. கட்டி முடித்த வீட்டுக்குப் பூசணிக்காயில் பேய்மூஞ்சி வரைந்து தொங்கவிடுகிறோம், குளிப்பாட்டிய பிள்ளையின் கன்னத்தில் மையை அப்பி அழகைக் கொஞ்சம் கெடுத்துவைக்கிறோம். அதே மாதிரி நல்லா ஓடுகிற வியாபாரத்துக்கு வாயால் ஒரு கரும்பொட்டு. நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வது, பால் சட்டியை மூடாமல் நடுரோட்டில் வைத்துவிட்டுப் போவது போல.

இந்தப் பொட்டு வைக்கிற கையோடுதான் நான் கடல் தாண்டினேன். தூத்துக்குடி ஹார்பரில் கிரேன் ஓட்டி, நடுவில் வளைகுடாவில் கொஞ்ச காலம் வெந்து, இப்போது பின்லாந்தின் தென்கரையில் ஒரு துறைமுக ஊரில் மனைவி கனியோடு இருக்கிறேன். கனி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்வான். “எப்படில இருக்க?” என்பான். “என்னத்தண்ணே, ஒரே இருட்டு, ஒரே குளிரு. ஏதோ இருக்கேன்” என்பேன். அப்போது நான் எங்கே இருப்பேன் தெரியுமா? ஸௌனா என்கிற நீராவி அறையில் வெந்து, குளித்து, கனி வைத்த சால்மன் குழம்பைத் தின்றுவிட்டு, சோபாவில் காலை நீட்டிக் கிடப்பேன். எனக்குத் தெரியும், இதைப் படிக்கிற துபாய்க்காரரும் டொராண்டோக்காரரும் இந்நேரம் தலையைக் குனிந்துகொண்டிருப்பீர்கள். நாமெல்லாரும் இதைத்தான் செய்கிறோம். ஊருக்குப் போன் போட்டால் முதுகுவலியையும் வாடகையையும் சொல்கிறோம். கண் படாமல் இருக்கவும்தான். ஆனால் இன்னொன்றும் உண்டு. நீங்கள் இல்லாமலே நான் நன்றாக இருக்கிறேன் என்று உடன்பிறந்தவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நான் வந்து மாட்டிக்கொண்ட நாடோ, உலகத்தில் சந்தோஷமான நாடுகளின் பட்டியலில் வருஷா வருஷம் முதலாவதாக வருகிற நாடு. அந்தச் செய்தி வருகிற நாளில் இவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு நடமாடுவார்கள். “யாரைக் கேட்டார்களாம்? என்னைக் கேட்கவில்லையே” என்பான் யூஹா. விசாரித்தேன். கேட்கிற விதம் ரொம்ப எளிது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உச்சிப்படி பத்து, உனக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடியில் சைபர், மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறாய்? அவ்வளவுதான். நாடு நாடாக இதைக் கேட்டு, சராசரி போட்டு, சமூக அறிவியல்காரர்கள் ஆராய்கிறார்கள்.

எங்கள் துறைமுகத்திலும் தொழிலாளர் நலம் பார்க்கிற மருத்துவப் பிரிவு ஒன்று உண்டு, த்யோதெர்வேய்ஸ் என்பார்கள். விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர்கள் எங்கள் போனுக்கு அந்த ஏணியை அனுப்பினார்கள். நான் யோசிக்கவே இல்லை. மூன்றைத் தொட்டேன். கனி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “மூணா?” என்றாள். “பின்ன? வாய்கூசாம எட்டு ஒம்பதுன்னா போடுவாங்க? இருக்கதும் போயிரும்” என்றேன். “கேக்குதது கம்ப்யூட்டருல்லா?” என்றாள். “கம்ப்யூட்டருக்குப் பின்னால ஆள் இல்லையா? ஆளுக்குக் கண்ணு இல்லையா?” என்று கேட்டு, அந்த விவாதத்தில் ஜெயித்தும் விட்டேன். வீட்டில் நான் ஜெயிக்கிற விவாதமெல்லாம் பிற்பாடு இப்படித்தான் திரும்பி வந்து கடிக்கும்.

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள், அண்ணன் வீட்டில் இடியாப்பத்தில் கை வைத்த நேரத்தில் கடித்தது. நர்ஸ் பாய்வி என்பவரிடமிருந்து செய்தி: உங்கள் பதில் எங்களைக் கவலைப்பட வைத்தது, நீங்கள் உயரத்தில், கேபினில் தனியாக வேலை செய்பவர், திரும்பி வந்து கேபின் ஏறுவதற்கு முன் உங்களோடு பேச வேண்டும், அதுவரை உங்கள் கிரேன் ஷிப்டை வேறொருவருக்கு மாற்றியிருக்கிறோம், விடுமுறையில் இருப்பதால் வீடியோவில் பேசலாம், அமைதியான, தனியான இடத்தில் இருங்கள். அன்பாகத்தான் எழுதியிருந்தார். நான் அதை ஆயுள் தண்டனைத் தீர்ப்பு போல நாலு தடவை வாசித்தேன். பாய்வி ‘தகுதி’ என்று ஒரு குறி போட்டால்தான் எனக்குக் கேபின். கேபின் இல்லை என்றால் கிரேன்காரன் எதற்கு? கிரேன்காரன் இல்லை என்றால் வாடகை, விசா, கனியின் காப்பகம், என் ஸௌனா எல்லாம் சீட்டுக்கட்டு போலச் சரிந்து என் இடியாப்பத்தின் மேல் விழுந்தன. மதினி பாக்கியம், அண்ணன் மனைவி, என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “என்ன கொழுந்தனாரே, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? தேங்காப்பால் கெட்டுப்போச்சா?”

நான் பதறினால் படிப்பேன். சின்ன வயதில் படித்திருக்க வேண்டியதையெல்லாம் பயத்தில்தான் படித்திருக்கிறேன். அன்று முழுக்க, மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடந்து, மனிதன் எப்போது நன்றாக இருக்கிறான் என்பது பற்றி உளவியல்காரர்கள் எழுதியதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மேய்ந்தேன். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், தனியாகச் சாப்பிடுகிறவர்களைவிட ஏணியில் மேலே நிற்கிறார்களாம். முன்பின் தெரியாதவரோடு இரண்டு வார்த்தை பேசுவது, நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக மனசை லேசாக்குகிறதாம். தொலைத்த பர்ஸ் திரும்பி வரும் என்று நம்புகிற ஊரில் ஆட்கள் நிம்மதியாக இருக்கிறார்களாம். இந்த இடத்தில் போனை நெஞ்சில் கவிழ்த்துவிட்டு யோசித்தேன். பின்லாந்தில் நான் தவறவிட்ட கையுறையை யாரோ எடுத்து, வேலிக் குச்சியில், ஐந்து விரலும் நிமிர்ந்து நிற்க மாட்டி வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. முத்தையாபுரம் மினிபஸ்ஸில் நான் மறந்த குடையும் ஒருமுறை திரும்பி வந்தது. ஆனால் அது டீக்கடை, சைக்கிள் கடை, சலூன் என்று மூன்று கை மாறி வந்து சேர்வதற்குள், குடைக்காரன் ஒரு மறதிக்கோட்டி என்ற செய்தி எனக்கு முன்னால் வீடு வந்திருந்தது. இரண்டு ஊரிலும் பொருள் திரும்பி வருகிறது. அங்கே மௌனமாக வருகிறது, இங்கே வசவோடு வருகிறது. எது உசத்தி என்று எந்த ஏணியிலும் போட எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் என்னைத் தூக்கி உட்கார வைத்த ஒன்று கண்ணில் பட்டது. சில சமூகங்களில் ஆட்கள் சந்தோஷத்தைக் கண்டே பயப்படுகிறார்களாம். ரொம்பச் சந்தோஷப்பட்டால் பின்னாலேயே துக்கம் வரும், வெளியே காட்டினால் அடுத்தவர் கண் படும் என்று நினைக்கிறார்களாம். ஆகையால் எல்லா ஊர் எண்ணையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று ஆராய்ச்சியாளர்களே தயங்குகிறார்களாம். “ஏளா கனி, இங்க பாரு, என்னையப் பத்தி எழுதியிருக்கான்!” என்று கூவினேன். அவள் முறுக்கைக் கடித்தபடி, “உங்களப் பத்தி எழுதுனா அதுக்கு வேற தலைப்புல்லா வரும்” என்றாள்.

இங்கே அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஊர் போனது தசரா சமயம். குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு விரதம் இருந்து, ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டி, வீடு வீடாகக் கடை கடையாகத் தர்மம் எடுத்து, அதைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து நேர்த்திக்கடன். ராஜா வேஷம், குரங்கு வேஷம், குறத்தி வேஷம், போலீஸ் வேஷம் எல்லாம் உண்டு. அண்ணன் கட்டுவது பிச்சைக்காரன் வேஷம். கடைக்குப் பின்னாலேயே இரண்டு மாடி வீடு கட்டியிருப்பவன், கிழிந்த வேட்டியும் முகத்தில் கரியும் தலையில் சணல் சடையுமாக, அலுமினியத் தட்டை ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு தார் ரோட்டில் நடப்பான். எதிர்க் கடைக்காரர் அவனுக்கு ஒற்றை ரூபாய் போட்டுவிட்டு, “யாவாரம் எப்படி அண்ணாச்சி?” என்று வேண்டுமென்றே கேட்பார். மூன்றாவது வருஷமாகக் கட்டுகிறான். வேண்டுதல் எதற்கு என்று நான் கேட்டதில்லை. கடை நன்றாக ஓடுகிறது, அதற்கு நன்றியாக இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வருஷம் முழுக்க ஈ ஓட்டுகிறேன் என்று வாயால் சொல்கிறவன், பத்து நாள் அதை உடம்பாலும் சொல்கிறான், அவ்வளவுதானே.

பாய்வி குறித்த நேரம், அங்கே காலை பத்து, இங்கே பகல் பன்னிரண்டரை. தனியான இடம் தேடி வீட்டைச் சுற்றினேன். முற்றத்தில் விரதச் சமையல். நடுவீட்டில் வேஷத்துக்குப் பொட்டு ஒட்டுகிறார்கள். கடைசியில் மொட்டைமாடி அறைக்குப் போனேன். அது என் அறை. “நீ திரும்பி வந்தா இருக்கதுக்கு” என்று அண்ணன் எனக்காகக் கட்டியது. நான் திரும்பி வராததால் சோப்புப் பெட்டிகள் குடியிருக்கின்றன, கூரை வரைக்கும். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குப் பெட்டிகளை நகர்த்தி, கண்ணாடி பார்த்துச் சிரித்துப் பழகினேன். பல் தெரியச் சிரித்தால் பைத்தியக்காரக் கோட்டி மாதிரி இருந்தது, தெரியாமல் சிரித்தால் திருடன் மாதிரி இருந்தது. வாசலில் கனி காவல். அவளுக்குப் பின்னால் மொட்டைமாடியில் மதினி, எதுவுமே காதில் விழாதவள் போல மிளகாய் வத்தலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் நரைத்த குட்டை முடியும் காப்பிக் கோப்பையுமாகப் பாய்வி வந்தார். “தனியாக இருக்கிறீர்களா, முத்து?” என்று மெதுவாகக் கேட்டார். “தனியாகத்தான்” என்றேன்.

“யாரது, டாக்டரம்மாவா?” என்றாள் மதினி வெளியிலிருந்து. “சாப்ட்டாவளான்னு கேளுங்க.”

பாய்வியின் புருவம் உயர்ந்தது. வேறு வழியில்லாமல், என் அண்ணி நீங்கள் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறார் என்றேன். பாய்வியும் பின்லாந்துக்காரர் அல்லவா. கேள்வி என்றால் கேள்வி. யோசித்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்டேன் என்றார். அதை நான் தமிழாக்கியதும் மதினி வத்தலை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். “கஞ்சியா? நர்ஸ் உத்யோகம் பாக்காவ, கஞ்சியா குடிக்காவ? ஐயோ பாவம்!”

பாய்வி ஏதோ குறித்துக்கொண்டார். “மூன்று என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார். இந்த இடத்துக்கு நான் மூன்று விதமான பதில் தயாரித்து வைத்திருந்தேன். மூன்றும் மறந்து, “பத்து! பத்து என்று மாற்றிக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். போன வாரம் மூன்று, இந்த வாரம் பத்து. நடுவில் என்ன நடந்தது என்றார். விடுமுறை என்றேன். அப்படியானால் வேலைதான் பாரமா என்றார். ஐயோ, வேலை பத்து என்றேன். வீடு? வீடும் பத்து. மனைவி? வாசலைப் பார்த்துக்கொண்டே, பதினொன்று என்றேன். “எல்லாம் பத்து என்றால், அந்த மூன்று எது, முத்து?” என்று கேட்டு, பாய்வி காத்திருந்தார். இவர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். எங்கள் ஊரில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் இன்னொருவர் உள்ளே பாய்ந்து காப்பாற்றிவிடுவார். பின்லாந்துக்காரரின் மௌனத்தில் அகப்பட்டவனுக்கு யாரும் கயிறு வீச மாட்டார்கள்.

என் அண்ணன் வீசினான். கதவு தடாலென்று திறந்தது. கரிமுகமும் சணல் சடையும் கிழிசலுமாக, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, “ஏலே, கொஞ்சம் தள்ளு. கீழ ஆள் நிக்கி, சோப்புப் பெட்டி எடுக்கணும்” என்றான்.

பாய்வி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “முத்து, அவருக்கு உதவி தேவைப்படுகிறதா?”

“இல்லை. அவர் என் அண்ணன்.”

“அவருக்கு… தங்க இடம் இருக்கிறதா?”

“இந்த வீடே அவருடையதுதான்” என்றேன். பேனா நின்றுவிட்டது. இதற்கு மேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று, கடையில் நிற்கிற கூட்டத்தையும், ஈ ஓட்டுகிறேன் என்கிற பதிலையும், பூசணிக்காயையும், கன்னத்து மையையும், வசதியுள்ளவன் ஏன் பிச்சைக்காரன் வேஷம் கட்டுகிறான் என்பதையும், கையும் காலும் ஆட எனக்குத் தெரிந்த ஆங்கிலம், பின்னிஷ் இரண்டையும் கலந்து கொட்டினேன். அந்த மூன்றும் அப்படி ஒரு வேஷம்தான், வேறொன்றுமில்லை என்றேன். பாய்வி பேனாவை மூடி வைத்தார். பிறகு, “உங்கள் அண்ணனிடம் அந்த ஏணிக் கேள்வியைக் கேட்கலாமா?” என்றார்.

கேட்டேன். அண்ணன் தோளில் சோப்புப் பெட்டியோடு நின்று, முகத்தை வழக்கம்போலத் தொங்கப் போட்டு, “எனக்கா? ஒரு ரெண்டு போட்டுக்கச் சொல்லு” என்றான். கீழேயிருந்து கடைப் பையன்கள், “அண்ணாச்சி, கூட்டம் தாங்கல, சோப்பு எங்க?” என்று கத்தினார்கள். மதினி முந்தானையை உதறிக்கொண்டு, “இவுகளுக்கா ரெண்டு? மவராசன், பத்தும் பத்தாதுன்னு சொல்லுங்க. நேத்துகூட…” என்று தொடங்கி, அண்ணன் திரும்பிப் பார்த்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் மொழிபெயர்த்ததும் பாய்வி முதல் தடவையாகச் சிரித்தார். அவருடைய அப்பா இலையுதிர்காலத்தில் காட்டுக்குக் காளான் பறிக்கப் போவாராம். வாளி நிறையப் பறித்து, மேலே இலையைப் போட்டு மூடிக்கொண்டு வருவாராம். வழியில் யார் கேட்டாலும், இந்த வருஷம் ஒன்றுமே இல்லை என்பாராம். “உங்கள் அண்ணனும் என் அப்பாவும் ஒரே கடை” என்றார். எனக்கு உயிர் வந்தது. குறி விழுந்த மாதிரிதான் என்று முதுகை நிமிர்த்தினேன். அப்போது அவர், சும்மா ஒரு விளையாட்டாக, “உங்கள் தம்பிக்கு நீங்கள் எத்தனை போடுவீர்கள் என்று கேளுங்கள்” என்றார்.

அண்ணன் சோப்புப் பெட்டியை இறக்கி வைத்தான். தொங்கப் போட்ட முகம் இல்லை இது, நிஜ முகம். “இவனுக்கா? மூணுதான் இருக்கும்” என்றான். “பாவம், அங்கன இருட்டுலயும் குளிருலயும் கெடந்து சீரழியுதான். போன்ல சொல்லும்போதே நமக்கு வயித்தக் கலக்கும். இந்த வேஷம் பின்ன எதுக்குக் கட்டுதேன்? எந் தம்பி அங்கன நல்லா இருக்கணும்னுதான்.”

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. கனிதான், காப்பகத்துப் பிள்ளைகளிடம் பேசிப் பழகிய தெளிவான பின்னிஷில் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. ஸௌனா முடிந்து சோபாவில் கிடந்து நான் போனில் வைத்த கரும்பொட்டு ஒவ்வொன்றும், தார் ரோட்டில் அண்ணனுடைய வெறுங்காலுக்குப் போயிருக்கிறது. பாய்வி என்னைப் பார்த்து, “இப்போது நீங்களே சொல்லுங்கள். உண்மையான எண்” என்றார். சொன்னால்தான் எனக்குக் கேபின். சொன்னால், எனக்காகக் கட்டிய அறையில் நின்றுகொண்டு, எனக்காகப் பிச்சை எடுக்கிறவனிடம், நீ இல்லாமலே நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னதாகும். குறுக்குவழி தேடுவது என் பிறவிக் குணம். அண்ணனுக்குப் புரியாதபடி பின்னிஷில், வாய்க்குள்ளே, “கஹ்தெக்சன்” என்றேன்.

“என்னளா சொல்லுதான்?” என்றான் அண்ணன்.

“எட்டாம், அத்தான்” என்றாள் கனி.

அண்ணன் சோப்புப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். சணல் சடையைக் கழற்றி மடியில் வைத்தான். சடைக்குக் கீழே வழுக்கை வியர்த்து மின்னியது. “எட்டா, லே?” என்றான். நான் தலையாட்டினேன். “மூணு வருசமா வெயில்ல நடக்கேன். எதிர்க் கடைக்காரன் ஒத்த ரூவா போட்டுட்டுச் சிரிக்கான். நீ என்னடான்னா எட்டுல உக்காந்திருக்க.” வாழ்க்கையில் எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றாத நிமிஷங்கள் ரொம்பக் குறைவு. அது ஒன்று. அண்ணன் விரலால் சடையைக் கோதிக்கொண்டே இருந்தான். பிறகு, கடையில் பாக்கி சரிபார்க்கிற குரலில் கேட்டான்: “இந்தம்மாகிட்ட மொதல்ல எவ்வளவு போட்ட?”

“மூணுண்ணே.”

“இப்ப எவ்வளவு சொன்ன?”

“எட்டு.”

“எப்ப சொன்ன?”

“இப்பத்தான். ஒனக்கு முன்னாலதான.”

“பொறவு என்னலே கோட்டிக்காரப் பயலே!” என்று அண்ணன் எழுந்துவிட்டான். கரிமுகத்தில் பல் முழுக்கத் தெரிந்தது. “மூணு எட்டாயிருக்கு! தசரா முடியுதுக்குள்ள அம்மன் கேட்டுட்டால்லா! ஏ பாக்கியம், பாத்தியா, வேண்டுதல் பலிச்சிட்டு!” என்று என் முதுகில் ஒரு அறை விட்டான். முதுகில் கரிக் கை பதிந்தது.

மதினிக்கு வேறு கவலை. “எட்டுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாவளே, அதுவும் பொட்டப் பகல்ல” என்று ஓடிப்போய், கைப்பிடி மிளகாய் வத்தலும் கல்லுப்புமாக வந்து, என்னைச் சுற்றினாள், கனியைச் சுற்றினாள், அண்ணனைச் சுற்றினாள். கடைசியில், “பாவம், கஞ்சி குடிக்க பொம்பள” என்று போனையும் மூன்று சுற்றுச் சுற்றினாள். பாய்வி மதினியின் கையோடு கூடவே கண்ணைச் சுழற்றிக்கொண்டு, இது என்ன என்றார். “பாதுகாப்பு நடவடிக்கை” என்றேன். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் சிரித்துக்கொண்டே குறியைப் போட்டார். கூப்பிட்டதற்கு வருத்தமில்லை, இனியும் எண் இறங்கினால் கூப்பிடத்தான் செய்வேன் என்றார். போகிற போக்கில், குரலைத் தாழ்த்தி, “நானும் அதில் ஏழு என்றுதான் போடுவேன். உண்மையில் எட்டுதான்” என்றார். அதை நான் மதினிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு கைப்பிடி வத்தல் போயிருக்கும்.

கிளம்புகிற அன்று அண்ணன் ஒரு பொட்டலத்தை என் பெட்டிக்குள் திணித்தான். எங்கள் ஊர் முந்திரி மக்ரூனாக இருக்கும் என்று நினைத்தேன். வேஷத் துணி. “வேண்டுதல் பலிச்சா, பலிச்சவன்தான் நேர்த்திக்கடன் தீக்கணும். அடுத்த வருசம் நீ வந்து கட்டு. எதிர்க் கடைக்காரன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்” என்றான். அந்த மாடி அறையை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். “அது அங்கனயே கெடக்கட்டும். நீ எட்டுலயே இரு. மேல ஏற நெனச்சா வா” என்றான்.

இப்போது இங்கே ஐப்பசி. காலை ஷிப்டுக்கு எழுந்தால் இருட்டு. யூஹாவிடம், அடுத்த விடுமுறையில் ஊருக்குப் பிச்சை எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவன் சுவரைப் பார்த்து நிதானமாக யோசித்துவிட்டு, வெயில் அதிகமாக இருக்குமே, தொப்பி கொண்டு போ என்றான். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தால் எப்படில இருக்க என்று கேட்பதில்லை, “எத்தனைல?” என்கிறான். “எட்டுண்ணே” என்கிறேன். வாய் இன்னும் கூசத்தான் செய்கிறது. “ஒனக்குண்ணே?” என்றால், பின்னால் கடைக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, “எங்கல, ஈ ஓட்டுதேன்” என்கிறான்.

வாசலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரே ஒரு கொக்கிதான். அதில் துறைமுகத்து ஆரஞ்சு நிறக் கனத்த உடை தொங்குகிறது. அதன் மேலேயே அண்ணனின் கிழிந்த வேட்டியையும் கனி மாட்டி வைத்திருக்கிறாள், மறந்துவிடக் கூடாது என்று. கனி எழுந்துவிடக் கூடாதே என்று நான் விளக்குப் போடாமல் கை நீட்டுகிறேன். சில நாள் காலையில் தவறான துணி கைக்கு வருகிறது. கரியும், சோப்புப் பெட்டி வாசமும், முத்தையாபுரத்துப் புழுதியுமாக. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு அதே கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டு, மற்றதைப் போட்டுக்கொண்டு, கேபின் ஏறப் போகிறேன்.